நீலக் குறியும் நிலைகொள்ளாத மனமும்

சில மாதங்களுக்கு முன்பு, இதயநோய்ப் பிரிவிலிருந்து இளம்பெண் ஒருவர் எங்கள் மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். வயது 26. இரவு பதினொரு மணிக்கு மேல் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, விடியும்வரை உறக்கம் வருவதில்லை என்பன அவருடைய குறைகள். இசிஜி, எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின் என எல்லாப் பரிசோதனைகளும் சரியாகவே இருந்தன. உடன் வந்த தாயார், “இதயத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிறகு எதற்கு டாக்டர், மனநலப் பிரிவு?” என்று வருத்தத்துடன் கேட்டார்.

நான் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். “படபடப்பு தொடங்குவதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள், அம்மா?”

அவர் பதில் சொல்லாமல் தம் கைப்பேசியை மேசைமீது வைத்தார். ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது, தையில் திருமணம். முந்தைய இரவு 9.40 மணிக்கு, மணமகனாக வரவிருப்பவருக்கு “சாப்பிட்டீங்களா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். 9.52க்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை. அதன்பின் அவர் மூன்று மாத உரையாடலை முதலிலிருந்து படித்தார். எந்த நாளிலிருந்து பதில்கள் சுருங்கின என்று தேடினார். அவர் கடைசியாக எப்போது இணைப்பில் இருந்தார் என்று பலமுறை பார்த்தார். தோழியை எழுப்பிக் கேட்டார். விடியும்போது வந்த பதில், “ம், சாப்பிட்டேன்.” அந்த ‘ம்’ என்ற ஓரெழுத்துக்குப் பொருள் தேடுவதில் அடுத்த நாளும் கழிந்தது.

இக்கட்டுரையில் வரும் இருவரும் தனி மனிதர்கள் அல்லர். பலரிடம் கண்டவற்றை இணைத்து, அடையாளங்களை நீக்கி அமைத்த உருவங்கள். ஆயினும் படிப்பவர்களில் சிலர் இவர்களில் தம்மைக் காணக்கூடும். அவர்களுக்காகவே இப்பாடம்.

சிந்திப்பதும் அசைபோடுவதும்

வாழ்க்கைத் துணையைப் பற்றிச் சிந்திப்பது தவறன்று. சிந்திக்காமல் இருப்பதே தவறு. ஆனால் சிந்தனை என்ற பெயரில் மனம் வேறொரு வேலையையும் செய்கிறது. மாடு தின்ற புல்லை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுவதைப் போல, மனம் நடந்து முடிந்த ஒன்றையே திரும்பத் திரும்ப மெல்லுகிறது. மாட்டுக்கு அதனால் உணவு செரிக்கிறது. மனிதனுக்கு எதுவும் செரிப்பதில்லை.

அமெரிக்க உளவியலறிஞர் சூசன் நோலன்-ஹோக்செமா இந்த அசைபோடுதலை நெடுங்காலம் ஆராய்ந்தவர். துயரம் வரும்போது ‘எனக்கு ஏன் இப்படி?’ என்ற கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாகவும் நீண்டும் நிற்கிறது என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். அசைபோடுபவர் தாம் சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருப்பதாகவே நம்புகிறார். அதனால்தான் அவரால் நிறுத்த முடிவதில்லை.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. அரைமணி நேரம் யோசித்தபின் உங்களிடம் புதிய செய்தியோ, ஒரு முடிவோ, நாளை செய்யவேண்டிய ஒரு செயலோ இருக்கிறதா? இருந்தால் அது சிந்தனை. தொடங்கிய கேள்வியே இன்னும் பெரிதாக நின்றால் அது அசைபோடுதல்.

வள்ளுவர் காட்டிய தும்மல்

இது கைப்பேசி வந்தபின் தோன்றிய நோய் என்று பலர் எண்ணுகின்றனர். திருக்குறளின் 132ஆம் அதிகாரமாகிய ‘புலவி நுணுக்கம்’ படித்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அங்கே தலைவன் தும்முகிறான். தலைவி வாழ்த்திவிட்டு, உம்மை யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். மற்றொரு முறை அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான்; உம்மை நினைப்பவரை எனக்கு மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். உன்னை நினைத்தேன் என்றால், நினைப்பதற்குமுன் மறந்திருந்தீர் அல்லவா என்று ஊடுகிறாள்.

தும்மினாலும் சான்று, தும்மாவிட்டாலும் சான்று. மிகைச்சிந்தனையின் இலக்கணம் இதுவே. முடிவு முதலில் எழுதப்பட்டுவிடுகிறது. சான்றுகள் பிறகு சேர்க்கப்படுகின்றன. பதில் வராவிட்டால் புறக்கணிப்பு. உடனே வந்தால் குற்றவுணர்வு. நீளமாக வந்தால் ஏதோ மறைக்கிறார்.

ஆனால் வள்ளுவரின் தலைவி ஊடுவது தலைவனின் முகத்துக்கு நேரே. அவள் கேட்கிறாள், அவன் மறுமொழி சொல்கிறான், ஊடல் கூடலில் முடிகிறது. ஊடலை உணவில் இடும் உப்போடு ஒப்பிட்டு, அளவு மீறினால் கெடும் என்றும் வள்ளுவர் எச்சரித்துள்ளார். நம் நோயாளியோ நள்ளிரவில் தனியே, அவர் இல்லாத இடத்தில், அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தார். கேள்வியும் அவரே, மறுமொழியும் அவரே, தீர்ப்பும் அவரே.

ஏன் நிற்பதில்லை?

இதன் இயக்கத்தை நோயாளியும் குடும்பத்தாரும் புரிந்துகொண்டால் பாதிச் சுமை குறையும்.

முதலில் ஓர் ஐயம் எழுகிறது: ‘என்னைப் பிடிக்கவில்லையோ?’ அது நமக்கு மதிப்புமிக்க உறவைத் தொடுவதால், உடல் அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, உறக்கம் விலகுகிறது. அந்தப் பெண்ணின் படபடப்பு பொய்யன்று. இதயம் பழுதுபட்டதாலும் அன்று. மனம் அடித்த அபாய மணிக்கு நலமான இதயம் சரியாகவே மறுமொழி அளித்தது.

இந்தக் கலக்கத்தைத் தணிக்க அவர் எதையாவது சரிபார்க்கிறார். பழைய செய்திகளைப் படிக்கிறார், தோழியைக் கேட்கிறார், “என்மேல் கோபமா?” என்று மறுபடியும் எழுதுகிறார். ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அது சில நிமிடங்களோ சில மணிநேரமோ நிற்கும். ஆனால் அதற்குள் மூளை ஒரு பாடம் கற்றுவிடுகிறது: ‘சரிபார்த்ததால்தான் தப்பித்தேன்.’ அடுத்த முறை ஐயம் இன்னும் விரைவாக எழுகிறது. சொறிந்தால் தணிந்து, பின் முன்னிலும் மிகுதியாக அரிக்கும் படையைப் போன்றது இது.

எல்லாரும் இந்தச் சுழலில் ஒரே அளவில் சிக்குவதில்லை. குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி முன்வைத்த கருத்தை, சிண்டி ஹசானும் பிலிப் ஷேவரும் 1987இல் காதல் உறவுகளுக்குப் பொருத்திக் காட்டினர். சிலர் இயல்பாகவே, பிரியமானவர் விலகிவிடுவாரோ என்று எப்போதும் விழிப்புடன் இருப்பர். இளமையில் பிரிவையோ நிலையற்ற அன்பையோ கண்டவர்களிடம் இது கூடுதலாக இருக்கலாம். இது குணக்கேடன்று, பயிற்சியால் மாறக்கூடிய மனப்பழக்கம்.

அடக்கினால் அடங்குமா?

“அதை நினைக்காதே, விடு” என்பதே நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் அறிவுரை. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கூறினர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்று விட்டபோது, அடக்கி வைத்திருந்தவர்கள் தொடக்கத்திலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிடக் கூடுதலாக நினைத்தனர்.

ஆகவே எண்ணத்தை விரட்டுவது நம் நோக்கமாக இருக்கக் கூடாது. எண்ணம் வரட்டும். அது வந்ததும் நாம் வழக்கமாகச் செய்யும் செயலை மாற்றுவதே சிகிச்சையின் வழி.

ஐந்து பயிற்சிகள்

1. இரண்டு பத்திகள். ஒரு நோட்டில் நடுவே கோடிடுங்கள். இடப்புறம் ‘நடந்தது’, வலப்புறம் ‘நான் சேர்த்தது’. அந்தப் பெண் முதல் நாள் எழுதியது இது. நடந்தது: 9.40க்கு அனுப்பினேன், 9.52க்குப் பார்த்தார், பதில் இல்லை. நான் சேர்த்தது: என்னோடு பேச விருப்பமில்லை, வீட்டார் கட்டாயத்தால் சம்மதித்திருக்கிறார், திருமணம் நின்றுவிடும், அப்பா தாங்கமாட்டார். இடப்புறம் மூன்று சிறு வரிகள், வலப்புறம் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி. எழுதி முடித்ததும் அவர் தாமாகவே சற்றுச் சிரித்தார். பிறகு, வலப்புறத்துக்கு நிகரான வேறு மூன்று விளக்கங்களையும் எழுதச் சொன்னேன். ‘களைத்து உறங்கியிருக்கலாம்’ என்பது அவற்றுள் ஒன்று.

2. கவலைக்கு ஒரு வேளை. தாமஸ் போர்க்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் விவரித்த முறை இது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரைமணி நேரத்தைக் கவலைக்கென ஒதுக்குங்கள். மாலை 6 மணி நன்று. படுக்கையும் இரவும் வேண்டா. பிற வேளைகளில் ஐயம் எழுந்தால் ஒரு சொல்லில் குறித்துவைத்து, ‘மாலையில் பார்க்கலாம்’ என்று கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். மாலையில் பார்க்கும்போது குறித்தவற்றுள் பல தம் வலிமையை இழந்திருக்கும்.

3. சரிபார்ப்பதைத் தள்ளிப்போடுதல். கைப்பேசியை எடுக்கும் உந்துதல் வந்ததும் 10 நிமிடம் பொறுங்கள். அடுத்த வாரம் 20, பிறகு 40. கலக்கம் அலைபோல் ஏறும், உச்சம் தொடும், சரிபார்க்காமலேயே இறங்கும். அது தானாக இறங்குவதை ஒருமுறை கண்டுவிட்டால் அடுத்த முறை எளிது. படுக்கையறைக்கு வெளியே கைப்பேசியைச் சார்ஜில் போடுவதும், கடைசியாக இணைப்பில் இருந்த நேரத்தைக் காட்டும் அமைப்பை நிறுத்திவிடுவதும் துணைசெய்யும்.

4. ஒருமுறை, நேராகக் கேட்டல். பலர் கேட்பதற்குப் பதிலாகச் சோதிக்கின்றனர். ‘நானும் இன்று பேசமாட்டேன், அவராக அழைக்கிறாரா பார்ப்போம்’ என்பது சோதனை. தேர்வு நடப்பதே தெரியாதவர் அதில் எப்படித் தேறுவார்? “நீங்கள் என்னைக் கண்டுகொள்வதேயில்லை” என்பது குற்றச்சாட்டு. “இரவில் பதில் வராவிட்டால் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. உறங்கப் போகும்போது ஒரு சொல் அனுப்ப முடியுமா?” என்பது வேண்டுகோள். தம் உணர்வைச் சொல்லி, செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டு, மறுக்கவும் இடம் விடுவதே நல்ல வேண்டுகோள். பதில் கிடைத்தபின் அதே கேள்வியை வேறு வடிவில் மீண்டும் கேட்காதிருப்பது இப்பயிற்சியின் கடினமான பாதி.

5. உடலைக் கவனித்தல். உறக்கம் குறைந்த மறுநாள் ஐயம் பெருகும். மாலைக்குப் பிறகு காபியும் தேநீரும் தவிர்த்தல், நாளுக்கு அரைமணி நேர நடை, குறித்த நேரத்தில் எழுதல் ஆகியவை எளியவை, ஆனால் பயனுள்ளவை. படபடப்பு வரும்போது மூச்சை உள்ளிழுப்பதைவிட மெதுவாக நீண்டு வெளியே விடுங்கள்.

அந்தப் பெண் நேராகக் கேட்டார். மணமகன் தொழிற்சாலையொன்றில் காலை ஷிப்டில் பணிபுரிபவர், 4.45க்கே பேருந்து பிடிக்க வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே உறங்கிவிடுவதாகவும், இதை இவ்வளவு பெரிதாக அவர் எண்ணியிருப்பார் என்று தமக்குத் தோன்றவேயில்லை என்றும் கூறினாராம். அதன்பின் நாள்தோறும் இரவு வணக்கம் வந்ததா என்றால், இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மறந்துவிடுவார். அந்த இரண்டு நாளும் உறங்கக் கற்றுக்கொண்டதே அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நலம். பதில் வந்த இரவில் உறங்குவதற்குப் பயிற்சி தேவையில்லை.

உண்மையான கேள்வி இருக்குமிடம்

எல்லாக் கவலையும் கற்பனையன்று. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறும் இளைஞர் ஒருவர். மாத்திரையால் நோய் கட்டுக்குள் இருந்தது. ஒரு பெண்ணோடு பழகி, திருமணம்வரை பேச்சு வளர்ந்திருந்தது. ‘சொல்வதா? எப்போது சொல்வது? சொன்னால் விலகிவிடுவாளா?’ என்று இரண்டு ஆண்டுகள் அவர் அசைபோட்டார். மாத்திரை எடுப்பதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று சில நாள்கள் அதை விட்டார். ஒருநாள் வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வந்தார்.

இவருடைய கேள்விக்கு ஒரு செயல் விடையாக இருந்தது. அதைச் செய்யாமல் தள்ளிப்போட யோசனை ஒரு மறைவிடமாயிற்று. அவரும் நரம்பியல் மருத்துவரும் நானும் அமர்ந்து, என்ன சொல்வது என்பதை நான்கைந்து வாக்கியங்களாக எழுதினோம்: நோயின் பெயர், எப்போதிலிருந்து, என்ன மருந்து, வலிப்பு வந்தால் அருகிலிருப்பவர் செய்யவேண்டியது, சந்தேகங்களை மருத்துவரிடமே கேட்கலாம் என்பது.

அவர் சொன்னார். அந்தப் பெண் ஒரு வாரம் கழித்து விலகிக்கொண்டார். அடுத்த சந்திப்பில் அவர் என்னிடம் கூறியதை மறக்க முடியாது: “வலி ஒரு மாதம் இருந்தது டாக்டர். பயம் இரண்டு வருடம் இருந்தது.” நேராகப் பேசினால் எல்லாம் நன்றாக முடியும் என்று எந்த மருத்துவராலும் உறுதி கூற இயலாது. தெரிந்த இழப்பிலிருந்து மனம் மீண்டு எழும். முடிவுறாத அச்சத்திலிருந்து மீள அதற்கு வழியில்லை. இதை மட்டும் உறுதியாகக் கூறலாம்.

இத்தகைய நோயாளிகளுக்கு இரண்டு செய்திகள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த உறவுக்காகவும் அதைச் செய்யக் கூடாது. பெண்களாயின், கருத்தரிப்பைத் திட்டமிடும் முன்பே மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். அடுத்து, இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாகக் கூறப்பட்டிருந்த வலிப்பு நோய், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது. வலிப்பு நோயாளிகள் மணம் செய்துகொள்ளலாம், மக்கட்பேறும் அடையலாம்.

குடும்பத்தாருக்கு

அன்போடு செய்யும் சில செயல்கள் சுழலை விரைவுபடுத்துகின்றன. “இன்று பேசினாரா? என்ன சொன்னார்? ஏன் அழைக்கவில்லை?” என்று நாள்தோறும் விசாரிப்பது அவற்றுள் ஒன்று. ஒரே செய்தியை மூவர் சேர்ந்து ஆராய்வது இன்னொன்று. இவ்வாறு கூடி அசைபோடுவதால் தோழியரிடையே நெருக்கம் வளர்வதோடு கலக்கமும் வளர்கிறது என்பதை அமண்டா ரோஸ் என்ற ஆய்வாளர் 2002இல் சுட்டிக்காட்டினார்.

“அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது” என்று பத்தாவது முறையாக ஆறுதல் கூறுவதும் சரிபார்ப்பின் ஒரு வடிவமே. அதற்குப் பதிலாக, “இது உனக்குக் கடினமாக இருக்கிறது என்று தெரிகிறது. இந்தக் கேள்விக்கு நேற்றே பேசினோம். வா, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்” என்று கூறிப் பாருங்கள். கேலியும் வேண்டா. ‘இதெல்லாம் ஒரு நோயா?’ என்ற ஒரு சொல் ஒருவரைப் பல மாதங்கள் மருத்துவமனையிலிருந்து விலக்கிவைக்கும்.

இது மிகைச்சிந்தனையன்று

ஒரு முக்கிய எச்சரிக்கை. அடித்தல், மிரட்டுதல், கைப்பேசிக் கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்திப் பெறுதல், நண்பர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் பிரித்தல், வரதட்சணை கேட்டல், படங்களை வெளியிடுவேன் என்று அச்சுறுத்தல் ஆகியவை ‘நடந்தது’ என்ற பத்தியில் இடம்பெறுபவை. அவற்றைக் கண்டு அஞ்சும் மனம் சரியாகவே வேலைசெய்கிறது. “நீ ரொம்ப யோசிக்கிறாய்” என்று கூறி அந்த அச்சத்தை அடக்கச் சொல்பவர் யாராயினும் நம்பவேண்டா. பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

மருத்துவரை நாடவேண்டிய நேரம்

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ பசியோ கெடுதல். படிப்பும் பணியும் பாதிக்கப்படுதல். நாளில் பல மணிநேரம் சரிபார்ப்பதில் கழிதல். உண்மையிலேயே அன்பு இருக்கிறதா என்ற ஐயம் விருப்பமின்றியே இடைவிடாது வருதல் ஆகியவை இருந்தால் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். மனச்சோர்வு, பதற்ற நோய், எண்ணச் சுழற்சி நோய் ஆகிய மூன்றுமே சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுபவை. சிலருக்கு ஆலோசனை போதும், சிலருக்கு மருந்தும் தேவைப்படும். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும் காத்திருக்க வேண்டா. உடனே அருகிலிருப்பவரிடம் கூறுங்கள், அவசரப் பிரிவுக்கு வாருங்கள். ‘டெலி மானஸ்’ என்னும் அரசு மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இன்னொருவரின் உள்ளத்தை முழுதும் அறிந்தபின்புதான் அன்பு செலுத்துவேன் என்றால், எவரும் எவரோடும் வாழ இயலாது. ஐம்பது ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தவர்களும் ஒருவரையொருவர் முழுதும் அறிந்துவிட்டதாகக் கூறமாட்டார்கள். தெரியாத அந்தப் பகுதியை இரவெல்லாம் கிளறாமல், காலையில் கேட்கலாம் என்று ஒதுக்கிவைத்து உறங்குவது ஒரு திறன். மற்றத் திறன்களைப் போலவே இதையும் பழகப் பழகக் கற்றுக்கொள்ளலாம். இன்று மாலை ஒரு நோட்டை எடுத்து, நடுவே ஒரு கோடு இடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அதையும் கொண்டுவாருங்கள், சேர்ந்தே படிப்போம்.